வாசகர் வட்டத்துக்கு ஒரு விண்வெளிப் போர் நாவல்

எங்கள் வாசகர் வட்டத்துக்கு அடுத்த நாவலைத் தெரிவுசெய்யும் பொறுப்பு என்னிடம் வந்தது. இளையவர்கள் 'ஸ்டார் வோர்ஸ்' கேட்டார்கள். மூத்தவர்களில் பலர் அந்தப் படங்களைப் பார்த்ததே இல்லை.

படங்களை ஒட்டி வரும் நாவல்கள் இரண்டு வகை. ஒன்று, படத்தின் கதையையே எழுத்தில் சொல்வது. முதலாவது 'ஸ்டார் வோர்ஸ்' நாவல் அப்படிப்பட்டது. ஜோர்ஜ் லூக்காஸின் பெயரில் அலன் டீன் ஃபொஸ்டர் எழுதிய அது, 1977இல் படம் வருவதற்கு முன்னரே வெளியானது. மற்றது, அதே உலகில் நடக்கும் புதிய கதை. இவற்றில் பல தொடர்களாக வருவதால், நடுவில் ஒன்றை எடுத்தால் விளங்காது.

ஆகவே, தனித்து வாசிக்கக்கூடிய 'லொஸ்ட் ஸ்டார்ஸ்' நாவலைத் தெரிவுசெய்தேன். குளோடியா கிரே எழுதி 2015இல் வெளிவந்தது. தேனும் சியெனாவும் ஒரே கிரகத்தில் வளர்ந்த நண்பர்கள். விமானிகளாகும் ஆசையில் பேரரசின் படையில் சேர்கிறார்கள். அந்தப் பேரரசு ஒரு கிரகத்தையே மக்களோடு அழிக்கிறது. பின்னர் தேன் விலகிக் கிளர்ச்சியாளர்களோடு சேர்கிறான். சியெனா, செய்த சத்தியத்துக்காகத் தங்கிவிடுகிறாள்.

கொடுமை என்று தெரிந்த பின்னும் ஒருவர் ஏன் தங்குகிறார்? எதிர்ப்பக்கம் போன நண்பர் துரோகியா? எங்கள் ஊர்ப் பெயர்களோடு இதைக் கேட்டால் பேச்சு முறிந்துவிடும். தொலைதூரக் கிரகத்தின் பெயரில் கேட்கலாம்.

எங்களில் பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்களும் இருக்கிறார்கள். அதனால் இது போர்க்கதை என்று முன்கூட்டியே சொல்லிவிட்டேன். வாசிக்க மனமில்லாதவர்கள் வந்து கேட்டுக்கொண்டிருந்தாலே போதும். ஆங்கிலம் சிரமமானவர்களுக்குக் கதையை நான் தமிழில் சொல்வேன்.