அறைக்குள் ஒரு மாடி ரயில்!

மும்பையிலிருந்து புனே வழியாகத் தமிழகம் செல்வோர் போர்காட் மலையை அறிவார்கள். கர்ஜத்தில் பல ரயில்களுக்குப் பின்னால் எஞ்சின் பூட்டித் தள்ளுவார்கள். அங்கே ஏற்றம் 37-க்கு 1. அதாவது, 37 மீட்டர் ஓடினால் 1 மீட்டர் உயரும்.

வீட்டில் மாதிரி ரயிலை இரண்டு அடுக்காக ஓட்ட விரும்புகிறவர்களுக்கும் இந்த ஏற்றம்தான் சோதனை!

பலரும் வைத்திருப்பது, உண்மை ரயிலில் 87-ல் ஒரு பங்கு அளவுள்ள ரயில். தண்டவாள அகலம் 16.5 மில்லி மீட்டர்.

அடுக்குகளுக்கு இடையே 40 சென்டி மீட்டர் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால், கீழே தடம் புரண்ட பெட்டியை எடுக்கக் கை நுழையாது. 50-க்கு 1 ஏற்றத்தில் அந்த உயரத்தை எட்ட 20 மீட்டர் பாதை வேண்டும். பத்தடி அறையில் அதற்கு எங்கே போவது?

வளையல்களை அடுக்கியதுபோல் பாதையைச் சுற்றிச் சுற்றி ஏற்றுவதே வழி. ஆரம் 75 செ.மீ. என்றால், ஒரு சுற்றுக்குச் சுமார் 9 செ.மீ. உயரும். நாலேகால் சுற்றில் மாடி வந்துவிடும். ஆனால் அந்தச் சுற்றே ஐந்தடி இடத்தை விழுங்கிவிடும். ஆகவே, பலகையை அறுக்கும் முன் தரையில் சாக்கட்டியால் வரைந்து பார்ப்பது நல்லது. சுற்றின் நடுவே ஆள் நுழையவும் இடம் விட வேண்டும்.

மேல் தட்டு, கீழ்த் தட்டைவிடக் குறுகலாக இருக்கட்டும். அதைச் சுவரில் இறுகப் பதித்த இரும்புத் தாங்கிகள் சுமக்க வேண்டும். மழைக்காலத்தில் சாதாரணப் பலகை வளையும். பிளைவுட் அவ்வளவாக வளையாது. ஓரத்தில் தடுப்பு அவசியம். இல்லையேல், பல மாதச் சேமிப்பு ஒரே நொடியில் தரையில் விழும்!

இடமில்லாதவர்கள் கவலைப்பட வேண்டாம். புனே கோத்ரூடில் 1998-ல் திறக்கப்பட்ட ஜோஷி சிறு ரயில் அருங்காட்சியகத்துக்கு ஒரு விடுமுறையில் குழந்தைகளுடன் போய் வரலாம்.