வானத்திலிருந்து எடுத்த தோட்டப் படம்

ஆயர் ஈத்தாமில் இன்று பண்டார் பாரு அடுக்குமாடிகள் நிற்கும் நிலம் ஒரு காலத்தில் தியன் தெய்க் தோட்டம். 1980களில்தான் அங்கே வீடமைப்பு வந்தது. இளசுகளிடம் சொன்னால், "அப்படியா?" என்கிறார்கள். நாட்டில் இப்படி மறைந்த தோட்டங்கள் எத்தனையோ! லயம் எங்கே, கோயில் எங்கே, சுடுகாடு எங்கே என்று கேட்டால் பெரியவர்கள் கையை நீட்டிக் காட்டுவார்கள். தாளில் காட்டத்தான் ஒன்றும் இருக்காது.

அந்தத் தாள் வானத்திலிருந்து கிடைக்கும், தோழர்களே. 1972இல் அமெரிக்கா முதல் லேண்ட்சாட் துணைக்கோளை ஏவியது. அன்று தொடங்கி எடுத்துச் சேர்த்த படங்கள் 2008 முதல் எல்லாருக்கும் இலவசம். படித்த பிள்ளையைக் கணினி முன் உட்கார வையுங்கள். அமெரிக்க நில ஆய்வுத் துறையின் 'எர்த் எக்ஸ்ப்ளோரர்' தளத்தில் பேரைப் பதிந்து, தோட்டம் இருந்த இடத்தைச் சுற்றிக் கட்டம் போட்டு, ஆண்டைக் கொடுத்தால் படங்கள் வரிசையாய் வந்து நிற்கும். மேகம் எத்தனை விழுக்காடு என்றும் போட்டிருக்கும். அதைப் பார்க்காமல் இறக்கினால் வீண் வேலை. கொடிமலைப் பக்கம் மேகத்துக்கா பஞ்சம்? மழை குறைந்த ஜனவரி, பிப்ரவரிப் படங்களைத் தேடுங்கள்.

ரொம்பவும் எதிர்பார்க்கக் கூடாது. முதல் லேண்ட்சாட் படத்தில் ஒரு புள்ளி ஏறக்குறைய 80 மீட்டர்; ஒரு பந்துத் திடலே ஒரு புள்ளிதான். 1980களில் அது 30 மீட்டரானது. 2015 முதல் ஐரோப்பாவின் சென்டினல்-2 இலவசமாய்த் தருவது 10 மீட்டர். இதில் ஆறு, செம்மண் சாலை, தோட்ட எல்லை தெரியும். நீண்ட லயம் இரண்டு மூன்று புள்ளியாய்த் தெரியும். கூரையும் கோயிலும் தெளிவாய்த் தெரியணும் என்றால் ஒரு மீட்டருக்கும் கீழே போகணும். அந்தப் படங்கள் தனியார் கம்பெனிகளிடம், காசுக்கு. கூகல் எர்த்தில் சும்மா பார்க்கலாம். தேதியைப் பின்னுக்கு நகர்த்திப் பழைய படத்தையும் பார்க்கலாம். நம் நாடும் 2009இல் 2.5 மீட்டர் தெளிவுள்ள ராசாக்சாட் துணைக்கோளை அனுப்பியது. அது நெடுநாள் உழைக்கவில்லை.

படம் நிலக் கிராண்டு ஆகாது, அதை மறக்க வேண்டாம். ஆனால் "இங்கே ஒண்ணுமே இருந்ததில்லை" என்று ஒருவர் வாதாடும்போது, தேதி போட்ட படம் மேசைமேல் இருந்தால் பேச்சே வேறு. ஆகவே, படத்தோடு வரும் தேதி, துணைக்கோள் பேர், எண் எல்லாவற்றையும் சேர்த்தே பத்திரப்படுத்துங்கள். பெரியதாய் அச்செடுத்து, தாத்தா பாட்டி இருக்கும்போதே அவர்கள் கையில் பேனாவைக் கொடுத்து, கோயில் இது, சுடுகாடு இது என்று குறித்து வாங்குங்கள்.