பானகம்

பானகம் என்பது வெல்லம் அல்லது கருப்பட்டியை நீரில் கரைத்து, புளிப்பும் சுக்கும் சேர்த்துச் செய்யப்படும் பானம் ஆகும். தென் மாவட்டங்களில் இதனைப் பானக்கரம் என்றும் கூறுவர். கோடைத் திருவிழாக்களில் நடந்து வரும் அடியவர்களுக்கு இதனை வழங்குவது தமிழகத்தில் பரவலான வழக்கம்.

திருச்செந்தூர் வட்டாரத்தில் இதற்கு ஏற்றது கருப்பட்டியே. அருகிலுள்ள உடன்குடி அதற்குப் பெயர் பெற்ற ஊர். பனம்பாளையைச் சீவி இறக்கும் சாறு, கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவியிருந்தால் புளிக்காமல் பதநீராகக் கிடைக்கும், தடவாவிட்டால் கள்ளாகிவிடும். பதநீரைக் காய்ச்சிக் கருப்பட்டி செய்கின்றனர். இது நீரிழிவு நோயாளிகளுக்குத் தீங்கற்றது என்பது தவறான நம்பிக்கை. இதிலும் பெரும்பகுதி சர்க்கரையே.

செய்முறை

நால்வருக்கு 150 கிராம் கருப்பட்டியைத் தட்டி, ஒரு குவளை நீரில் சூடாக்கிக் கரைத்து வடிகட்ட வேண்டும். கருப்பட்டியில் மணலும் தூசும் இருக்கக்கூடுமாதலால் வடிகட்டுவதைத் தவிர்க்கலாகாது. நன்கு ஆறியபின், காய்ச்சி ஆற்றிய நீர் 700 மி.லி., ஓர் எலுமிச்சையின் சாறு, அரைத் தேக்கரண்டி சுக்குத்தூள், தட்டிய ஏலக்காய் இரண்டு, சிட்டிகை உப்பு ஆகியவற்றைச் சேர்க்கலாம். எலுமிச்சைக்குப் பதிலாகப் புளிக்கரைசலும் பயன்படும். மண்பானையில் வைத்த குளிர்ச்சியே போதுமானது. பனிக்கட்டி மிகுந்தால் சுக்கின் காரம் தெரியாது.

இங்கிலாந்தில் 18ஆம் நூற்றாண்டில் பரவிய இஞ்சி பீரிலும் இஞ்சி, இனிப்பு, புளிப்பு என்னும் இதே கூட்டைக் காணலாம். ஆனால் அது ஈஸ்ட் கொண்டு நொதிக்க வைக்கப்பட்டது. நுரை அதனால் வருவது. அமெரிக்காவில் 1940களில் அதனுடன் வோட்காவும் எலுமிச்சையும் கலந்த 'மாஸ்கோ மியூல்' புகழ்பெற்றது. பானகத்தை நொதிக்க விடுவதில்லை. செய்த அன்றே பருகிவிட வேண்டும். மறுநாள் நுரை கட்டியிருந்தால் கொட்டிவிடுவதே நல்லது.