கருப்பைக்குள் ஓடித்திரியும் குதிரைக் கரு

மாணவர்களே, ஒரு சின்னக் கேள்வி. தாய் கருவுற்றிருக்கிறாள் என்பது அவளுடைய உடலுக்கு எப்படித் தெரியும்?

முதலாம் படிவத்தில் இனப்பெருக்கம் பற்றிப் படித்தபோது, விந்தணுவும் சினைமுட்டையும் இணைந்து கரு உண்டாகிறது, அது கருப்பைச் சுவரில் பதிகிறது என்று எழுதி மதிப்பெண் வாங்கியிருப்பீர்கள். அதோடு கதை முடியவில்லை. கரு உருவாகிவிட்டால் மட்டும் போதாது. "நான் வந்துவிட்டேன்" என்று அது தாயின் உடலுக்குச் சொல்ல வேண்டும். குறித்த நாளுக்குள் சொல்லாவிட்டால், கரு இல்லை என்றே உடல் முடிவு செய்துவிடும். அந்தக் கரு அழிந்துபோகும்.

மனிதக் கரு ஏறக்குறைய ஏழாம் நாளில் கருப்பைச் சுவருக்குள் புதையத் தொடங்கி, எச்.சி.ஜி. என்ற ஹார்மோனைத் தாயின் இரத்தத்தில் கலக்கிறது. மருந்தகத்தில் விற்கும் கர்ப்பப் பரிசோதனைக் குச்சி சிறுநீரில் தேடுவது இதைத்தான். பசு, ஆடு ஆகியவற்றின் கரு நூல்போல நீண்டு, இண்டர்ஃபெரான் டௌ என்ற புரதத்தைச் சுரக்கிறது. பன்றியின் கரு ஒரு மீட்டர் வரைகூட நீளும்.

குதிரையின் கரு இப்படி எதுவும் செய்வதில்லை. அது நீளாது, சுவரில் உடனே புதையவும் செய்யாது. கோலிக்குண்டுபோல் உருண்டையாகவே இருந்துகொண்டு கருப்பை முழுவதும் ஓடித்திரிகிறது!

சினைமுட்டை சூலகத்திலிருந்து வெளியேறும் நாளிலிருந்து எண்ணத் தொடங்குவோம். கரு உண்டாவது கருக்குழாயில். அங்கிருந்து ஆறாம் நாள் வாக்கில் அது கருப்பைக்குள் இறங்கும். இங்கேயே ஒரு வியப்பு இருக்கிறது. பெண் குதிரையின் கருக்குழாய், கருவுறாத முட்டைகளைக் கீழே விடுவதில்லை. பழைய மாதங்களில் வெளியான முட்டைகள் குழாயிலேயே தங்கிக் கிடக்க, பின்னால் வந்த கரு மட்டும் அவற்றைத் தாண்டிப் போய்விடுகிறது. 1960-களில் தென்னாப்பிரிக்க ஆய்வாளர்கள் இதைக் கண்டறிந்தார்கள். கரு சுரக்கும் புரோஸ்டாகிளாண்டின் இ-2 என்ற வேதிப்பொருள் குழாயின் தசையைத் தளர்த்தி வழி திறக்கிறது என்பது பிறகு தெரியவந்தது. கருவுறாத முட்டையிடம் அந்தச் சாவி இல்லை.

கருப்பைக்குள் வந்ததும் கருவைச் சுற்றி உறுதியான, ஒளி ஊடுருவும் உறை ஒன்று உருவாகிறது. அது கருவை நசுங்காமல் காத்து, உருண்டை வடிவத்திலேயே வைத்திருக்கிறது. கருப்பைச் சுரப்பிகள் தரும் சத்துநீரை இந்த உறை வழியாகவே கரு உறிஞ்சிக்கொள்கிறது. அந்த நீருக்குக் 'கருப்பைப் பால்' என்று பொருத்தமான பெயர் உண்டு.

பிறகுதான் ஓட்டம் ஆரம்பம். குதிரையின் கருப்பை கவட்டைக் கிளைபோல இருக்கும்: நடுவில் ஓர் உடல்பகுதி, இரு பக்கமும் இரண்டு கொம்புகள். அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஓ. ஜே. கிந்தர் என்ற அறிவியலாளர் அல்ட்ராசவுண்ட் கருவியால் கருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கொம்பில் பார்த்த கரு சற்று நேரம் கழித்து மறு கொம்பில் இருந்தது. 1983-இல் இதை அவர் வெளியிட்டார். அடுத்து வந்த ஆய்வுகளில், இரண்டு மணி நேரம் தொடர்ந்து, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கரு எங்கே இருக்கிறது என்று குறித்தார்கள். 11 முதல் 15-ஆம் நாள் வரை அது ஓயவே இல்லை. ஒரே நாளில் பத்துக்கும் மேற்பட்ட முறை இந்தக் கொம்புக்கும் அந்தக் கொம்புக்கும் போய் வருகிறது.

இந்த இடத்தில் வகுப்பில் யாராவது கட்டாயம் கை தூக்குவார்கள்: "ஐயா, காலும் இல்லை, வாலும் இல்லை. எப்படி ஓடும்?" சரியான கேள்வி. கரு தானாக நகர்வதில்லை. கருப்பையின் தசை சுருங்கிச் சுருங்கி அதைத் தள்ளுகிறது. ஆனால் தசையைச் சுருங்கத் தூண்டும் பொருள்களைச் சுரப்பது கருதான்.

இவ்வளவு அலைச்சல் எதற்கு? முட்டை வெளியேறிய இடத்தில் சூலகத்தில் ஒரு திசு உருவாகும். அதன் பெயர் கார்பஸ் லூட்டியம். இலத்தீன் மொழியில் 'மஞ்சள் உடல்' என்று பொருள். இது புரோஜெஸ்டெரோன் ஹார்மோனைச் சுரந்து கருப்பையைக் கருவுக்கு ஏற்றதாக வைத்திருக்கிறது. கரு இல்லையென்றால், 14-ஆம் நாள் வாக்கில் கருப்பையின் உள்சுவர் புரோஸ்டாகிளாண்டின் எஃப்-2 ஆல்ஃபாவை வெளியிடும். பெயர் ஒரே குடும்பம்தான், வேலையோ வேறு. இது மஞ்சள் உடலை அழித்துவிடும். ஏறக்குறைய 21 நாளில் அடுத்த சுழற்சி வந்துவிடும்.

ஆட்டில் இந்தப் பொருள் கருப்பையிலிருந்து பக்கத்துச் சூலகத்துக்கு நேராகப் போகிறது. குதிரையில் அப்படியில்லை, உடல் முழுதும் ஓடும் இரத்தத்தில் கலந்தே சூலகத்தை அடைகிறது. ஆகவே கருப்பையின் ஒரு மூலை மட்டும் அதை வெளியிட்டாலும் ஆபத்துதான். எந்த மூலையையும் விடாமல் கரு சுற்றி வந்து சுவரை அடக்கியாக வேண்டும். 1988-இல் வெளியான ஓர் ஆய்வில், கருப்பையின் ஒரு பகுதியைக் கட்டிக் கரு முழுவதும் சுற்ற முடியாமல் தடுத்தார்கள். கரு நல்ல நிலையில் இருந்தும் கர்ப்பம் நிலைக்கவில்லை.

சரி, சுவரிடம் கரு என்ன 'சொல்கிறது'? பசுவில் இண்டர்ஃபெரான், மனிதரில் எச்.சி.ஜி. என்று பெயர் சொல்லலாம். குதிரையில் அந்தச் செய்தி எந்த மூலக்கூறு என்பதை உலகில் எவரும் இன்னும் உறுதியாகக் கண்டுபிடிக்கவில்லை. ஒருவேளை உருண்டையான ஒன்று உரசிச் செல்வதே செய்தியோ என்று நினைத்து, 35 மில்லிமீட்டர் கண்ணாடிக் குண்டைக் கருப்பைக்குள் வைத்துப் பார்த்தவர்களும் உண்டு. சில குதிரைகளின் உடல் ஏமாந்தது. கருவே இல்லாமல் மஞ்சள் உடல் சுமார் மூன்று மாதம் நீடித்தது. பெரும்பாலானவை ஏமாறவில்லை. குண்டு உள்ளேயே உடைந்த சம்பவங்களும் நடந்தன. எனக்குக் கேட்டால், விலங்கின் வலியை யோசிக்காமல் நீண்ட நாள் தொடர்ந்த பழக்கம் அது.

இரட்டைக் கரு உண்டானால் சிக்கல் இன்னும் பெரியது. குதிரையின் நஞ்சுக்கொடி கருப்பையின் உள்சுவர் முழுவதும் பரவ வேண்டியது. இரண்டு கருக்கள் அந்த இடத்தைப் பங்கு போட்டால், பெரும்பாலும் இரண்டும் பிழைக்காது. ஒரு காலத்தில் பந்தயக் குதிரைகளின் கருச்சிதைவுக்கு இது முக்கியக் காரணமாக இருந்தது. இப்போது 14-ஆம் நாள் வாக்கில் கால்நடை மருத்துவர் அல்ட்ராசவுண்டில் பார்க்கிறார். இரண்டு உருண்டைகள் தெரிந்தால், அவை இன்னும் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒன்றை மற்றதிலிருந்து பிரித்து நசுக்கிவிடுகிறார். கேட்க மனம் கஷ்டப்படும். ஆனால் கரு நின்ற பிறகு, அதுவும் இரண்டும் ஒட்டி நின்றுவிட்டால், ஒன்றை மட்டும் காப்பாற்றுவது மிகக் கடினம்.

16-ஆம் நாள் வாக்கில் ஓட்டம் நிற்கிறது. கரு இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் வளர்ந்திருக்கும். கருப்பைத் தசையும் இறுகியிருக்கும். ஒரு கொம்பின் அடிப்பகுதி வளைவில் அது தங்கிவிடும். அப்போதும் சுவரில் ஒட்டுவதில்லை. மூன்று வாரம் கடந்ததும் உறை மறைகிறது. 25-ஆம் நாள் வாக்கில் இதயத் துடிப்பைத் திரையில் பார்க்கலாம். நஞ்சுக்கொடி சுவரோடு உறுதியாகப் பிணைய ஆரம்பிப்பதோ ஏறக்குறைய 40-ஆம் நாளில். அதன்பின் குட்டி பிறக்க இன்னும் பத்து மாதம் இருக்கிறது.