உங்களுக்குத் தெரியுமா? பந்தயத்தை மறக்காத குதிரை!

கிண்டி போன்ற பந்தயத் திடல்களில் ஓடி ஓய்வு பெற்ற குதிரைகள் பல, சவாரிப் பள்ளிகளுக்குப் போகின்றன. சிக்கலே அங்கேதான். கடிவாளத்தை இழுத்தால் நிற்பதற்குப் பதில், அதன்மீதே சாய்ந்து வேகமெடுக்கும். பின்னால் இன்னொரு குதிரை விரைந்து வந்தாலோ, பந்தயம் தொடங்கிவிட்டதாகவே நினைத்துக்கொள்ளும்! அதனால் விவரமறிந்தவர்கள் முதல் சவாரிப் போட்டிக்குக் குதிரையைப் போட்டியில் இறக்காமல் சும்மாதான் அழைத்துப் போவார்கள். ஒலிபெருக்கிச் சத்தம், படபடக்கும் கொடி, கூட்டம் எல்லாவற்றையும் பார்த்தபடி அரைமணி நேரம் நடந்து, கொஞ்சம் புல் மேய்ந்து திரும்பிவிடும். மிரளும் குதிரைக்குக் காதுறை மாட்டுவதும் உண்டு. சாட்டையால் அடக்கப் பார்ப்பது வீண்வேலை, பயம்தான் கூடும். சென்னை, பெங்களூரு போட்டிகளைப் பார்க்கப் போகிறவர்கள் கவனிக்க: வாலில் சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தால் அது உதைக்கும் குதிரை. பின்பக்கம் போகாதீர்கள்!