நெடும்பயண மோட்டார்ச் சைக்கிளின் பின்பெட்டி: கழற்றலும் பூட்டலும்

யூபிலி மலருக்குக் கட்டுரையொன்று வேண்டுமென மலர்க்குழுவினர் எழுதியபோது நாம் சிறிது தயங்கினோம். கல்லூரியின் வரலாற்றையும் சமயத் தொண்டையும் எழுதவல்ல அறிஞர் பலர் எம்மிடையே உளர். கையில் எண்ணெய்க் கறையோடு ஓய்வுநாளைக் கழிக்கும் எம்போன்றோர் எதனை எழுதுவது? கைக்குத் தெரிந்ததையே எழுதுக என்று நண்பரொருவர் கூறினார். அவர் சொற்படி, நெடும்பயணத்துக்கெனச் செய்யப்பட்ட பெரிய மோட்டார்ச் சைக்கிளின் பின்பெட்டியை எவ்வாறு கழற்றுவது, கழற்றியதை எவ்வாறு பழுதின்றி மீளப் பூட்டுவது என்பதை ஈண்டு விளக்க முற்படுகின்றோம். இது கல்லூரிப் பௌதிக ஆய்வுகூடத்தில் மீற்றர்க் கோலையும் படிக்கற்களையும் வைத்து நாம் கற்ற நெம்புகோற் பாடத்துக்குப் புறம்பான விடயமன்று என்பதை மாணவர் போகப்போகக் காண்பர்.

எம்மிடமுள்ளது 2003ஆம் ஆண்டு ஹொண்டா கோல்ட் விங். கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் குடியேறிய பின்னர் பழைய வண்டியாக வாங்கியது. கோல்ட் விங் முதன்முதலில் 1974ஆம் ஆண்டில் ஜேர்மனியின் கொலோன் நகரக் கண்காட்சியில் உலகின் பார்வைக்கு வந்தபோது அதற்குக் காற்றுத் தடுப்பும் இல்லை, பெட்டியும் இல்லை. நெடுந்தூரம் செல்ல விரும்பியோர் பிறர் செய்த பெட்டிகளை வாங்கித் தாமே பூட்டிக்கொண்டனர். இதனைக் கண்ட உற்பத்தியாளர் 1980இல் காற்றுத் தடுப்பு, இரு பக்கப்பெட்டிகள், ஒரு பின்பெட்டி ஆகியவற்றைத் தொழிற்சாலையிலேயே பொருத்தி, இன்ரர்ஸ்ரேற் என்னும் பெயருடன் ஒரு வண்டியை வெளியிட்டனர். அன்று முதல் பின்பெட்டி ஏற்றிவைத்த சுமை என்ற நிலையிலிருந்து நீங்கி, வண்டியின் உறுப்பாகவே மாறிற்று.

இதனை மறந்தோரே பெட்டியைக் கழற்றும்போது இடர்ப்படுகின்றனர். வெளியே நோக்குவோர்க்கு அது மூடியுடைய ஒரு பெட்டி மட்டுமே. உள்ளே நோக்கினால், பின்னிருப்பவர் சாயும் முதுகணை அதிலேயே தாங்கப்பட்டிருக்கும். விளக்குகள் சில அதிற் பதிந்திருக்கும். வானொலியின் ஏரியல் அதன் புறத்தே நிற்கும். இசைத்தட்டுக் கருவியும் ஒலிபெருக்கியும் அமைந்த வண்டிகளும் உண்டு. ஆகவே பெட்டியை எடுத்தால் பின்னிருப்பவரின் முதுகுக்கு ஆதாரம் எதுவுமில்லை. பெட்டி இல்லாத வண்டியில் எம் மனைவியாரை நாம் ஏற்றுவதில்லை. அவரும் ஏறச் சம்மதிப்பதில்லை.

பின் எதற்காகக் கழற்றுவது எனின், காரணங்கள் பல. பெட்டியில் வெடிப்பு ஏற்பட்டால் ஒட்டவேண்டும், நிறம் பூசவேண்டும், பின்புற மின்கம்பிகளைச் சீர்செய்ய வேண்டும். தனியே செல்லும் நாட்களில் வண்டி இலேசாக இருக்கவேண்டுமென விரும்புவாரும் உளர். ஹாலி டேவிட்சன் வண்டிகள் சிலவற்றுக்கு, கருவி எதுவுமின்றிக் கொளுவியை விடுவித்துப் பெட்டியைத் தூக்கிவிடத்தக்க தாங்கிகள் கிடைக்கின்றன. ஹொண்டா நிறுவனத்தார் 2018இல் வெளியிட்ட புதிய கோல்ட் விங்கைப் பின்பெட்டி உள்ளதும் இல்லாததுமாக இருவகையாகவே செய்தனர். எம்முடையது போன்ற பழைய வண்டிகளில் ஸ்பானரே துணை.

வேலையைத் தொடங்குமுன் வண்டியைச் சமதரையில் நடுத்தாங்கியின்மேல் நிறுத்துக. பெட்டியிலுள்ள பொருள்களை எடுத்து, அடியில் விரித்த விரிப்பையும் நீக்குக. இருக்கையைக் கழற்றி, பற்றரியின் மறைமுனைக் கம்பியை விடுவித்துவிடுக. பின்னர் மின்னிணைப்பிகளைத் தேடவேண்டும். பெரும்பாலும் அவை இருக்கையின் கீழோ பெட்டியின் முன்புறத்திலோ மறைந்திருக்கும். ஒவ்வோர் இணைப்பியிலும் சிறு நாக்கு ஒன்று உண்டு. அந்நாக்கை அழுத்திக்கொண்டு இணைப்பியின் உடலைப் பற்றி இழுக்கவேண்டுமேயன்றிக் கம்பியைப் பற்றி இழுத்தலாகாது. கழற்றுமுன் ஒவ்வொன்றையும் படம் பிடித்துக்கொள்க. கைத்தொலைபேசி இல்லாத காலத்தில் நாம் நிறக் கடதாசித் துண்டுகளைக் கட்டி அடையாளமிட்டோம், அதுவும் நன்றே.

இனி ஆணிகள். அவை பெட்டியின் அடித்தளத்தினூடாகக் கீழேயுள்ள உலோகச் சட்டத்தில் இறங்கும். இவ்விடத்தில் வாசகர் சற்றுப் பொறுமையுடன் நிற்றல் வேண்டும். வேலையின் உயிர்நிலை இதுவே. ஆணியை எடுக்கும்போது அதனோடு ஒரு வாசரும், பிளாஸ்ரிக் தளத்திலுள்ள துளையில் ஒரு றப்பர் வளையமும், அவ்வளையத்தினுள்ளே விரல்நுனியளவான ஓர் உலோகக் குழலும் இருக்கக் காணலாம். அக்குழல் பெரும்பாலும் றப்பருடன் ஒட்டிக்கொண்டு கண்ணிற் படாதிருக்கும். சில வேளை உருண்டு புல்லில் விழுந்து மறையும். அது போனாற் போகட்டும் என்று எண்ணுதல் பெரும் பிழை.

அக்குழலின் தொழில் யாது? ஆணியை நாம் இறுக்கும்போது இறுக்கவிசை முழுவதும் அக்குழலினூடாகச் சட்டத்தைச் சென்றடைகின்றது. உலோகம் உலோகத்தை அழுத்துவதால் ஆணி உறுதியாக நிற்கும். குழலைச் சூழ்ந்த றப்பரோ மிகையாக நசுங்காமல், பெட்டியைத் தாங்கி அதிர்ச்சியை விழுங்கும். குழல் இல்லையெனில் இறுக்கவிசை றப்பரையும் பிளாஸ்ரிக்கையும் நசுக்கும். றப்பர் நாளடைவில் தளர, ஆணியும் தளரும். தளர்ந்த பெட்டி ஒவ்வொரு குழியிலும் தன் தளத்தைத் தானே மோதும். துளையின் விளிம்பில் மயிரிழைபோன்ற வெடிப்புத் தோன்றும். நாம் வாங்கிய வண்டியில் இத்தகைய வெடிப்பொன்று விரிப்பின் கீழ் மறைந்திருந்தது. முன்னைய உரிமையாளரின் காலத்தில் எவரோ பெட்டியைக் கழற்றிப் பூட்டியபோது ஒரு குழலை விட்டுவிட்டனர். அதன் விலையோ ஒரு கோப்பைத் தேநீரின் விலைதான். வெடிப்பை ஒட்டி நிறம் பூசுவதற்கு எமக்கு ஒரு வாரம் சென்றது.

எல்லா ஆணிகளையும் ஒருங்கே எடுத்துவிடாது, ஒன்றை எஞ்சவைத்து, இருவராக நின்று பெட்டியைப் பற்றிக்கொண்ட பின்னரே அதனையும் எடுக்கவேண்டும். நேரே மேலே தூக்கி, கம்பி எதுவும் சிக்கவில்லையெனக் கண்டபின் பின்னோக்கி நகர்த்துக. நிலத்தில் பழைய போர்வையொன்றை விரித்து அதன்மேல் வைத்தல் நிறத்துக்கு நல்லது.

பெட்டி நீங்கிய வண்டியை ஓட்டினால் அதன் இயல்பு மாறியிருப்பதை உணரலாம். எம் வண்டியின் இரு சில்லுகளின் அச்சுகளுக்கு இடையேயுள்ள தூரம் 169 சென்ரிமீற்றர். பெட்டியின் புவியீர்ப்பு மையம் பின்னச்சுக்கு 30 சென்ரிமீற்றர் பின்னே உளதெனக் கொள்வோம். அதில் 30 கிலோகிராம் சுமையை இட்டால், பின்னச்சே நெம்புகோலின் தாங்குபுள்ளியாகி, முன்சில்லின் மேலுள்ள பாரம் 5.3 கிலோகிராமாற் குறையும், பின்சில்லோ 35.3 கிலோகிராமை மேலதிகமாகச் சுமக்கும். நானூறு கிலோகிராமுக்கு மேற்பட்ட வண்டிக்கு இஃதென்ன பெரிது என மாணவர் வினவலாம். நின்ற வண்டிக்குப் பெரிதன்று. ஓடும் வண்டியின் கதை வேறு. 1971இல் றொபின் ஷார்ப் என்னும் ஆங்கிலேய அறிஞர், மோட்டார்ச் சைக்கிளின் உறுதியின்மையைக் கணித முறையில் ஆராய்ந்து, கவிழ்தல், நெளிதல், கைபிடி நடுங்கல் என மூவகையாகப் பிரித்துக் காட்டினார். இவற்றுள் நெளிதல் என்பது வண்டி முழுவதும் பாம்புபோல் வளைந்து செல்லல். விநாடிக்கு இரண்டு முதல் நான்கு முறை நிகழ்வது. வேகம் கூடக்கூட அடங்க மறுப்பது. பின்னேயும் உயரத்திலும் வைத்த பாரம் இந்நெளிவை வளர்க்கும். தளர்ந்த பெட்டி அதனினும் தீது.

ஆதலாற்றான் உற்பத்தியாளர் பெட்டியின் சுமைக்கு எல்லை வகுத்துள்ளனர். எம் வண்டியின் பின்பெட்டிக்கு அது 9 கிலோகிராம் மட்டுமே. பெட்டியின் கொள்ளளவைக் கண்டு மயங்கி அரிசிப் பையை ஏற்றுவோரை நாம் கண்டிருக்கின்றோம். 2021இல் ஹொண்டா நிறுவனத்தார் புதிய வண்டியின் பின்பெட்டியை 61 லீற்றராகப் பெருப்பித்தபோது பலர் மகிழ்ந்தனர். 61 லீற்றர் நீரின் நிறை 61 கிலோகிராம் என்பதை அவர்களுள் எத்தனை பேர் எண்ணினரோ, அறியோம். பெட்டியில் தலையணையும் குளிர்ச்சட்டையும் வைக்கலாம். கருவிகளையும் புத்தகங்களையும் பக்கப்பெட்டிகளின் அடியில் பங்கிட்டு வைத்தலே முறை. எம் வண்டியில் பின் வில்லின் இறுக்கத்தை ஓர் ஆளியால் 0 முதல் 25 வரை மாற்றலாம். பெட்டியைக் கழற்றினால் அதனையும் குறைத்துக்கொள்ளல் வேண்டும்.

மீளப் பூட்டல் கழற்றலின் மறுதலையே எனக் கைந்நூல்கள் ஒரு வரியில் முடித்துவிடும். அவ்வொரு வரியை நம்பி நாம் பட்ட பாட்டைச் சொல்லியேயாக வேண்டும். நிறம் பூசி முடித்த அவ்வாண்டுக் கோடையில், சுப்பீரியர் ஏரியின் கரைவழியே செல்லப் புறப்படுவதற்கு முதல்நாள் மாலை, இருள் சூழும் வேளையில் அவசரமாகப் பெட்டியைப் பூட்டினோம். விளக்குகள் எல்லாம் எரிந்தன. மறுநாள் மனைவியாருடன் ரொறன்ரோவிலிருந்து புறப்பட்டு, சூ சென்ற் மேரியில் இரவு தங்கி, அதற்கடுத்த நாள் 17ஆம் இலக்க நெடுஞ்சாலையில் வாவா என்னும் சிற்றூரை அடைந்தோம். பெற்றோல் நிலையத்தில் எம் பின்னே வந்து நின்ற பாரவண்டிச் சாரதி இறங்கி வந்தார். “ஐயா, நீர் பிறேக் பிடிப்பது எனக்குத் தெரியவேயில்லை. இரண்டு முறை அம்மையாரின் முதுகருகே வந்துவிட்டேன்” என்றார். அவர் குரலில் கோபத்தினும் அச்சமே மிகுந்திருந்தது.

இருக்கையைக் கழற்றிப் பார்த்தோம். பிறேக் விளக்கின் கம்பி பெட்டியின் தளத்துக்கும் சட்டத்துக்கும் இடையே நசுங்கிக் கிடந்தது. ஏறக்குறைய 900 கிலோமீற்றர் அதிர்வில் அதன் உறை தேய்ந்து, செம்பு சட்டத்தைத் தொட, உருகி எரிந்துபோயிற்று. அதனால் பெட்டியிலிருந்த விளக்கு மாத்திரமன்றிக் கீழேயிருந்த பிறேக் விளக்குகளும் ஒருங்கே அணைந்துவிட்டன. கம்பிக்கு நாடா சுற்றி, வேறு வழியால் இட்டு, புதிய உருகியைப் போட அரைமணி நேரமாயிற்று. சாரதி அதுவரை காத்திருந்து, தம் கண்ணால் விளக்கைப் பார்த்த பின்னரே சென்றார். மனைவியார் அன்று முழுவதும் அதிகம் பேசவில்லை.

அதன் பின்னர் நாம் கைக்கொள்ளும் முறை இது. பெட்டியை இறக்குமுன் கம்பிகள் அனைத்தையும் ஒருபுறம் ஒதுக்கிக் கட்டுவோம். ஒருவர் பெட்டியைச் சற்று உயர்த்திப் பிடிக்க, மற்றவர் கைவிளக்கால் கீழே நோக்கித் தளமும் சட்டமும் சேருமிடம் வெறுமையாக இருப்பதைக் காண்பார். குழல்களை எண்ணி, ஒவ்வொரு றப்பரிலும் ஒன்று இருப்பதை விரலால் தொட்டறிவோம். ஆணிகளை முதலிற் கையாலேயே சில புரிகள் திருப்புவோம். கையாற் புகாத ஆணி கோணலாக நிற்கின்றது, அதனை ஸ்பானரால் வற்புறுத்தினாற் புரி அழியும். எல்லா ஆணிகளும் புகுந்த பின் மூலைக்கு மூலை மாறிமாறிச் சிறிது சிறிதாக இறுக்குவோம். இறுக்கத்தின் அளவுக்கு அவரவர் வண்டியின் பணிமனைக் கைந்நூலே பிரமாணம். 6 மில்லிமீற்றர் ஆணிக்கு வழக்கமான அளவு ஏறத்தாழ 10 நியூற்றன் மீற்றர். அஃதாவது ஆணியிலிருந்து 10 சென்ரிமீற்றர் தூரத்தில் 10 கிலோகிராம் நிறையைத் தொங்கவிட்டதற்கு ஒப்பானது. வலிய கையுடையோர் அறியாமலே இதனைக் கடந்துவிடுவர்.

பின்னர் பற்றரியை இணைத்து, ஒருவர் வண்டியின் பின்னே நிற்க, முன்பிறேக், பின்பிறேக், இருபுறச் சமிக்ஞை விளக்குகள் ஆகியவற்றைத் தனித்தனியே சோதிப்போம். பெட்டியை இரு கையாலும் பற்றி ஆட்டும்போதும் விளக்கு அணையாதிருத்தல் வேண்டும். நூறு கிலோமீற்றர் ஓடிய பின் விரிப்பை நீக்கி ஆணிகளை மீண்டும் ஒருமுறை பார்ப்போம். எம் வீட்டில் இச்சோதனையின்போது பின்னே நிற்பவர் மனைவியார்தாம். விளக்கு ஒவ்வொன்றையும் தாம் கண்டு “எரிகிறது” என்று சொன்னாலன்றி அவர் தலைக்கவசத்தைக் கையில் எடுப்பதில்லை.