பழைய வேனும் விசிறிப் பட்டையும்

நம்மில் பலர் தமிழ்ப்பள்ளிக்கு வேனில் சென்றுதான் படித்தோம். தோட்டங்கள் துண்டாடப்பட்டு நம்மவர்கள் தாமான்களுக்குக் குடிபெயர்ந்த பின், நடந்து போகும் தொலைவில் இருந்த பள்ளி பலருக்கு வெகுதூரம் தள்ளிப் போயிற்று. அந்தத் தூரத்தை இன்றும் பல இடங்களில் பழைய வேன்கள்தாம் கடக்கின்றன. காலை ஆறரை மணிக்கு அப்படியொரு வேன் சாலையோரம் நின்றுவிட்டால், பத்துப் பிள்ளைகளின் அன்றைய படிப்பும் சேர்ந்தே நின்றுவிடுகிறது. அதற்குக் கைக்கு அடக்கமான ஒரு ரப்பர் பட்டையே போதுமான காரணம்.

பட்டறைகளில் நம் போமன்கள் இதைப் 'பேன் பெல்ட்' என்பார்கள். விசிறிப் பட்டை என்று நாம் தமிழில் சொல்லலாம். மலாயில் இதன் பெயர் 'தாலி கிப்பாஸ்'. மலாயில் தாலி என்றால் கயிறு. உதிரிப்பாகக் கடையில் நின்று அது அறுந்துவிட்டதாக மலாயில் சொல்லும்போது, பக்கத்தில் நம் பாட்டிமார் யாரும் இல்லாமல் பார்த்துக்கொள்வது நல்லது!

என் அப்பா ஓட்டும் நிசான் வேனட் சி22 வேனையே எடுத்துக்கொள்வோம். இதன் இயந்திரம் முன்னிருக்கைகளுக்கு அடியில் இருக்கிறது. இயந்திரத்தின் சுழற்சியை வாங்கும் கீழ்ச்சக்கரம், தண்ணீர் பம்பின் சக்கரம், ஆல்டர்னேட்டரின் சக்கரம் ஆகிய மூன்றையும் முக்கோணமாகச் சுற்றி ஓடுவதுதான் விசிறிப் பட்டை. விசிறி தண்ணீர் பம்பின் முகப்பிலேயே பொருத்தப்பட்டிருக்கிறது. எனவே பட்டை அறுந்தால் விசிறி நிற்கும், இயந்திரத்தினுள் தண்ணீர் ஓடுவது நிற்கும், பேட்டரிக்கு மின்சாரம் ஏறுவதும் நிற்கும். இக்காலக் கார்கள் பலவற்றில் விசிறி மின்சாரத்தில் சுழல்கிறது. பெயர் மட்டும் பழையபடியே ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ஆபத்து எங்கே என்றால், பட்டை அறுந்த பிறகும் வேன் ஓடும். பேட்டரியில் மிச்சமிருக்கும் மின்சாரம் அதற்குப் போதும். ஓட்டுநர் முன்னால் சிவப்புப் பேட்டரி விளக்கு மட்டும் எரியும். "பேட்டரிதானே, பிள்ளைகளை இறக்கிவிட்டுப் பார்க்கலாம்" என்று நினைப்பது மனித இயல்பு. ஆனால் சில நிமிடங்களில் தண்ணீர் கொதிக்கத் தொடங்கும். இந்த இயந்திரத்தின் மேல்தலை அலுமினியத்தால் ஆனது, அடிப்பகுதி வார்ப்பிரும்பு. அளவுக்கு மீறிச் சூடேறினால் அலுமினியம் வளைந்துவிடும். இடையிலுள்ள கேஸ்கட்டும் போய்விடும். மலிவான ஒரு பட்டைக்காகத் தலையைக் கழற்றும் செலவு! ஆகவே அந்த விளக்கு எரிந்தால் உடனே பாதுகாப்பான இடத்தில் ஓரங்கட்டி இயந்திரத்தை அணைத்துவிட்டு, பிள்ளைகளைச் சாலையை விட்டுத் தள்ளி நிற்க வைக்க வேண்டும். சூடு ஆறும்வரை ரேடியேட்டர் மூடியைத் தொடவே கூடாது.

பட்டை பெரும்பாலும் சொல்லிவிட்டுத்தான் அறுகிறது. காலையில் முடுக்கும்போது கீச்சென்ற சத்தம், உட்புறத்தில் குறுக்கு வெடிப்புகள், ஓரங்களில் பிரிந்து தொங்கும் நூல் ஆகியவை அதன் மொழி. இதன் குறுக்குவெட்டு ஆப்பு வடிவமானது. பட்டை தன் இரு பக்கங்களாலேயே சக்கரத்தின் பள்ளத்தைக் கவ்விப் பிடிக்கிறது. பக்கங்கள் தேய்ந்து கண்ணாடிபோல் பளபளத்தால் பிடிப்புப் போயிற்று என்று பொருள். சிலர் அப்போது சோப்புக் கட்டியைத் தடவுவார்கள். சத்தம் அடங்கும், நோய் அடங்காது.

இனி மாற்றும் வேலை. இயந்திரம் நன்றாக ஆறியிருக்க வேண்டும். முதலில் பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றுங்கள். ஏனெனில் ஆல்டர்னேட்டரின் தடித்த கம்பியில் எப்போதும் மின்சாரம் இருக்கும். இருக்கையைத் தூக்கி, மூடியைத் திறங்கள். ஏர்கோன் பட்டை முன்னால் மறித்தால் அதை முதலில் கழற்ற வேண்டும். அதுவும் பழையதென்றால் இரண்டையும் சேர்த்தே மாற்றிவிடலாம். பெரும்பாலும் 12, 14 ஸ்பேனர்கள் போதும். ஆல்டர்னேட்டரின் அடியிலுள்ள போல்ட்டையும், மேலே நீண்ட துளையுள்ள தகட்டில் இருக்கும் போல்ட்டையும் தளர்த்தி, ஆல்டர்னேட்டரை இயந்திரத்தின் பக்கம் தள்ளினால் பட்டை தொய்ந்துவிடும். விசிறி இதழ்களை ஒவ்வொன்றாகத் தாண்டி வெளியே எடுங்கள். கடைக்குப் போகும்போது பழைய பட்டையைக் கையோடு கொண்டு போவதே நல்லது. ஒரே மாதிரி வேன்களிலும் அளவு மாறலாம்.

புதிய பட்டையை அதே வழியில் நுழைத்து மூன்று பள்ளங்களிலும் உட்கார வைக்க வேண்டும். வரவில்லையென்று ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி ஏற்றுகிறவர்கள் உண்டு. உள்ளே பட்டையின் பலமாக இருக்கும் நூல்கள் அதில் அறுந்துவிடும், வெளியே தெரியாது. ஆல்டர்னேட்டரை இன்னும் தளர்த்தினால் பட்டை தானாக ஏறும்.

போமனின் கை தெரிவது இழுவிசையில்தான். ஆல்டர்னேட்டரின் உறுதியான பகுதியில் ஒரு கட்டையை வைத்து வெளிப்பக்கம் நெம்பியபடியே மேல் போல்ட்டை இறுக்குங்கள். பிறகு பட்டையின் மிக நீண்ட பகுதியின் நடுவில் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். ஏறத்தாழ 10 மில்லிமீட்டர் உள்ளே போனால் சரி. அதைவிடத் தளர்ந்தால் பட்டை வழுக்கும், கீச்சிடும். வீணைத் தந்தி மாதிரி இறுக்கினாலோ தண்ணீர் பம்பின் பேரிங்கும் ஆல்டர்னேட்டரின் பேரிங்கும் தேயும். பட்டறைகளில் நான் கவனித்தவரை, இறுக்கமே பலம் என்று நினைப்பவர்கள்தாம் அதிகம். தளர்ந்த பட்டை சத்தம் போட்டுக் காட்டிக்கொடுக்கிறது, இறுகிய பட்டை வாய் திறக்காமல் பம்பைக் கெடுக்கிறது.

அடிப் போல்ட்டையும் மறவாமல் இறுக்கி, உள்ளே ஸ்பேனர் எதுவும் கிடக்கவில்லை என்று பார்த்துவிட்டு, பேட்டரியை இணைத்து முடுக்குங்கள். சிவப்பு விளக்கு அணைய வேண்டும். புதிய பட்டை தொடக்கத்தில் சற்று நீளும் என்பதால் இருநூறு கிலோமீட்டர் ஓடியதும் மீண்டும் கட்டைவிரலால் சோதித்து, தேவையானால் இறுக்க வேண்டும். பழையது அறுவதற்கு முன்பே கழற்றப்பட்டிருந்தால் வீசிவிடாதீர்கள். அந்த இரண்டு ஸ்பேனர்களோடு பின்னிருக்கையின் அடியில் கிடக்கட்டும். வழியில் அறுந்தால் வீடுவரை வந்து சேர அது உதவும்.